ஏழாம் கேள்வி

பட்டம் வாங்க மரியதாசனுக்கு இன்னும் இரண்டே இரண்டு பாடங்கள்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்துத்தான் உயர்கல்வியின் தரத்தைப் பற்றி மேலிடத்துக்குக் கவலை வந்தது.

மரியதாசனுக்கு வயது ஐம்பத்தொன்று. பகலில் மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் கொள்கலன்களிலிருந்து பெட்டி இறக்குகிற வேலை. மாலையில் கோட்-டெ-நெய்ஜில் வீட்டுக்கு வந்து, சோற்றை வாயில் போட்டதும் போடாததுமாக வகுப்புக்கு ஓட்டம். சரக்குப் போக்குவரத்து முகாமைத்துவம் என்ற பெயரில் முப்பது பாடம். வருடத்துக்கு மூன்று, தெம்பு இருந்தால் நாலு. இப்படியே ஒன்பது வருடம் போய்விட்டது. படிப்பின் மேல் அவருக்குப் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. எல்லாம் நாரிக்காக, அந்த இடுப்பு வலிக்காகத்தான். இனிமேல் இந்த நாரி பெட்டி தூக்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். களஞ்சியத்தின் மேல்மாடியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. எந்தப் பெட்டி எந்த லொறியில் போக வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் அங்கே முதுகு சாய்கிற கதிரைகளில் இருப்பார்கள். "பட்டக் கடதாசியைக் கொண்டு வா, அதில் ஒரு கதிரை உனக்கு" என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்தக் கதிரையை நினைத்துத்தான் மரியதாசன் புள்ளிவிபரவியலையே பொறுத்துக்கொண்டார்.

அப்போதுதான் புதிய விதிகளின் முன்வரைவு வந்தது. அதன் பதினாலாம் பிரிவு ஒரே வரி: எடுத்து ஐந்து வருடம் கடந்த பாடங்கள் காலாவதியாகும்.

மகள் செலீன் பிரெஞ்சில் வாசித்துச் சொன்னாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் படிக்கிறாள், வீட்டின் பிரெஞ்சுக் கடிதங்கள் எல்லாம் அவள் தலையில்தான். மனைவி ஜெயனி கையிலிருந்த கரண்டியோடு வந்து நின்றாள்.

"பாடம் என்ன பால் பெட்டியே, திகதி போட?" என்றாள் ஜெயனி. "அப்ப உங்கட ஒன்பது வருசம்?"

மரியதாசன் விரல் விட்டு எண்ணினார். முதல் நாலு வருடத்துப் பாடங்கள் போகும். அவற்றைத் திருப்பி எடுத்து முடிப்பதற்குள் அடுத்த நாலு வருடத்துப் பாடங்களும் போகும். மேலே ஏற ஏறக் கீழ்ப்படி கழன்று விழுகிற ஏணி அது. வேலை செய்துகொண்டு படிக்கிற ஒருவர்கூட இனி எந்தக் காலத்திலும் பட்டம் வாங்க முடியாது. தரம் என்று அவர்கள் சொன்னது இதைத்தானாக்கும்.

அடுத்த நாளே பல்கலைக்கழகத்தில் பதிவு யன்னலுக்குப் போய் நின்றார். உள்ளே இருந்த பெண் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அன்பாகவே பேசினாள்.

"பயப்படாதீர்கள், ஐயா. இது இன்னும் விதியாகவில்லை. எல்லாத் தரப்புகளின் பிரதிநிதிகளும் ஒரு மேசையில் கூடி இணக்கம் காண வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் விதி நிறைவேறாது."

"பகுதிநேர மாணவருக்காக ஆர் இருக்கினம்?" என்பதை அவர் பிரெஞ்சில் ஒருமாதிரிக் கேட்டார்.

அவள் கணினியில் தேடினாள். "அந்தக் கதிரை காலியாக இருக்கிறது."

"எவ்வளவு காலமாக?"

"மேசை செய்த நாளிலிருந்து." இதைச் சொல்லிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள்.

படிவம் முப்பத்திரண்டு மொழிகளில் கிடைத்தது. தமிழிலும் கிடைத்தது என்பதுதான் வினை. முதல் கேள்வி: 'உங்கள் பங்கு எது?' மரியதாசன் கத்தோலிக்கர். பங்கு என்றால் அவருக்குக் கோயில் பங்கு, பங்குத்தந்தை, பங்கு மக்கள். அரசாங்கம் இதை எதற்குக் கேட்கிறது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, கேட்டதற்குப் பதில் எழுதுவதுதான் மரியாதை என்று, பிறந்த பங்கு பாசையூர் புனித அந்தோனியார், இருக்கும் பங்கு மொன்றியல் தமிழ்ப் பங்கு என்று இரண்டையும் வடிவாக எழுதித் தபாலில் போட்டுவிட்டார்.

"அப்பா, அது பரிஷ் இல்லை," என்றாள் செலீன், நகலைப் பார்த்துவிட்டு. "இந்த விஷயத்திலை உங்களுக்கு என்ன சம்பந்தம் எண்டுதான் கேக்கினம். பிரெஞ்சிலை அதுக்கு 'எடுக்கிற தரப்பு' எண்டு பேர்."

"எடுக்கிற தரப்போ?" ஜெயனி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கள் என்னத்தை எடுத்தனீங்கள், பாடத்தைத் தவிர?"

எப்படியோ நேர்முகத்துக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. இரண்டு பங்கு எழுதிய விண்ணப்பம் அது ஒன்றுதானாம்.

பிரதிநிதிகளைத் தேர்கிற செயலகத்தின் நடைவழியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். வெள்ளை மீசை, கம்பளிச் சட்டை, மடியில் ஒரு தடித்த கோப்பு. தமிழ் முகத்தைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தார். அனந்தராமன், சென்னைக்காரர், முப்பத்தைந்து வருடம் பொறியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் எந்தக் குழு அமைந்தாலும் அதில் ஒரு நாற்காலி அவருக்கு என்று எழுதாத சட்டம்.

"உக்காருங்க சார். பகுதிநேர மாணவர் சீட்டுக்கா? அது ரொம்ப நாளா காலி. முப்பத்தொரு பேர் உள்ள போய் வந்துட்டாங்க. எல்லாருக்கும் ஏழாவது கேள்விலதான் சிக்கல்."

"அது என்ன கேள்வி சேர்?"

"இந்த விதியால நீங்க பாதிக்கப்படுவீங்களான்னு கேப்பாங்க. ஆமாம்னு சொன்னா, உங்களுக்கு சொந்த நலன் இருக்கு, அதனால தகுதி இல்லை. இல்லைன்னு சொன்னா, உங்களுக்கு சம்பந்தமே இல்லை, அதனால தகுதி இல்லை."

மரியதாசனுக்குத் தலை சுற்றியது. "அப்ப நீங்கள் எப்பிடி உள்ளை போனனீங்கள்?"

"நான் மாற்றுப் பிரதிநிதி சார். மாற்றுக்கு அந்தக் கேள்வி கிடையாது," என்றார் அனந்தராமன், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "வாய் திறக்கவும் அனுமதி கிடையாது. பிரதிநிதி வரலைன்னா நாற்காலில உக்காரலாம், அவ்வளவுதான். ஒன்பது குழுவுல மாற்றா இருக்கேன்."

உள்ளே மூவர் இருந்தார்கள். தரப்புத் தேர்வு இணைப்பாளர் மதாம் பெல்ரோஸ் நடுவில். ஒரு பக்கம் குறிப்பெடுக்கிற இளைஞன். மறுபக்கம் நடுநிலைமை ஆலோசகர், எந்தப் பக்கமும் சாயாமல் நேராக இருந்தார். மரியதாசனுக்கு ஒரு மெத்தைக் கதிரை கொடுத்தார்கள். இருந்தவுடன் அது அவரைப் பாதி விழுங்கிவிட்டது. நாரி அப்போதே முனகத் தொடங்கியது.

"மிஸ்யூ மரியதாசன்," என்று தொடங்கினார் மதாம் பெல்ரோஸ். மிக இனிமையான குரல். "நாங்கள் தேடுவது ஒரு சாதாரண மனிதரை. ஆனால் அவர் சாதாரண மனிதர்களின் சார்பில் பேசிப் பழகிய அனுபவசாலியாக இருக்க வேண்டும்."

"ஓம், ஓம்," என்றார் மரியதாசன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஈழத்துத் தமிழில் ஓம் என்றால் ஆமாம். ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர் யாரும் அடுத்தவர் பேசுவதைச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. இடைக்கிடை ஓம் போட்டுக்கொண்டே கேட்பார்கள். அந்த ஓம் உடன்பாடும் இல்லை, மறுப்பும் இல்லை. ஆள் நித்திரையாகவில்லை என்பதற்கான அத்தாட்சி.

"பகுதிநேர மாணவர்களின் பிரதிநிதி முழுநேரமும் சமூகமளிக்க வேண்டும். வேலை இருக்கிறது, வகுப்பு இருக்கிறது என்று சொல்கிறவர்களை எங்களால் ஏற்க முடியாது. அப்படிப்பட்டவர்களின் குரல் எங்களுக்கு மிக முக்கியம் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு."

"ஓம்."

மதாம் பெல்ரோஸ் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டி ஏழாம் கேள்விக்கு வந்தார். "இந்த விதிகளால் நீங்கள் தனிப்பட்ட முறையில் பாதிக்கப்படுவீர்களா?"

அனந்தராமன் சொன்ன கண்ணி மரியதாசனுக்கு நினைவிருந்தது. ஆனால் ஒன்பது வருடமும் அந்தக் கண்ணாடி அறையும் கண்முன் வந்து நின்றன. பொய் சொல்ல வாய் வரவில்லை. நிமிர்ந்து இருந்து பதில் சொல்வோம் என்று கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார். நாரி பிடித்துக்கொண்டது. கண்கள் தாமாக மூடின. உள்ளங்கை இரண்டும் முழங்காலில் பதிந்தன. உண்மை தாய்மொழியிலேயே நீளமாக வெளியே வந்தது.

"ஓ...ம்."

இளைஞனின் பேனை அந்தரத்தில் நின்றது. "மதாம், இதை ஆம் என்கிற 'வுய்' கட்டத்தில் போடுவதா, இல்லை என்கிற 'நோன்' கட்டத்தில் போடுவதா?"

மதாம் பெல்ரோஸ் புதன்கிழமைகளில் யோகாசன வகுப்புக்குப் போகிறவர். அவர் மெதுவாகச் சொன்னார்: "இரண்டிலும் இல்லை. அவர் சொன்னபடியே எழுதுங்கள். முப்பத்தொரு பேர் இந்தக் கேள்வியில் விழுந்தார்கள். இவர் இதைக் கடந்துவிட்டார்."

நடுநிலைமை ஆலோசகர் விண்ணப்பத்தைப் பார்த்தார். "முதல் கேள்விக்கு இரண்டு தேவாலயங்கள் எழுதியிருக்கிறார். இப்போது ஓம் என்கிறார்."

"ஒரே கதிரையில் எத்தனை பன்மைத்துவம் பாருங்கள்," என்றார் மதாம் பெல்ரோஸ்.

இப்படித்தான் மரியதாசன் மேசைக்கு வந்து சேர்ந்தார். அனந்தராமன் அவருடைய மாற்று.

மேசை எல்லாத் தரப்புக்கும் சமதூரத்தில் இருக்க வேண்டும் என்பது செயலகத்தின் கொள்கை. நிறையத் தேடி, எல்லோருக்கும் சமமாகத் தூரமான இடம் ஒன்றைப் பிடித்தார்கள். தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு வாடகை மண்டபம். எட்டு வெள்ளிக்கிழமைகள் கூட்டம். மரியதாசன் அந்த வருடத்து விடுமுறை முழுவதையும் அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டு, மெட்ரோ ஏறி, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேருவார்.

மேசையைச் சுற்றி இருபத்துமூன்று தரப்புகள். பல்கலைக்கழக நிர்வாகிகளின் தரப்பு, நிர்வாகிகளை மேற்பார்க்கும் நிர்வாகிகளின் தரப்பு, வாகனத் தரிப்பிடத் தரப்பு, மாணவருக்கு அறை வாடகைக்கு விடுவோர் தரப்பு. மரியதாசனுக்குப் பக்கத்தில் இருந்தவர் எதிர்கால மாணவர்களின் பிரதிநிதி, அதாவது இன்னும் பிறக்காதவர்களின் சார்பில் வந்தவர். மேசையிலேயே ஆகத் தன்னம்பிக்கை உள்ளவர் அவர்தான். அவருடைய ஆட்களிடமிருந்து இதுவரை ஒரு முறைப்பாடுகூட வந்ததில்லை.

முதல் வெள்ளி மேசையின் வடிவத்தில் போனது. நீள்வட்ட மேசைக்கு இரண்டு முனை இருக்கிறது, முனையில் இருப்பவருக்கு அதிகாரம் வந்துவிடும் என்று தரிப்பிடத் தரப்பு ஐயம் கிளப்பியது. இரண்டாம் வெள்ளி 'பகுதி' என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் தேடினார்கள். மாலை நாலு மணிக்கு அதில் பகுதி இணக்கம் கிடைத்தது. மரியதாசன் கையை உயர்த்திப் பதினாலாம் பிரிவைப் பற்றிக் கேட்டார். பதினாலு பதின்மூன்றுக்குப் பிறகுதான் வரும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்கள்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். அடுத்தவர் பேசும்போது மரியதாசன் பழக்கதோஷத்தில் ஓம் போடுவார். அவர் ஓம் போட்டதும் மதாம் பெல்ரோஸ் பேனையைக் கீழே வைத்துக் கண்ணை மூடுவார். அவரைப் பார்த்து மற்ற இருபத்திரண்டு பேரும் மூடுவார்கள். மூன்றாம் வெள்ளி நடுநிலைமை ஆலோசகர் எழுந்து, பொதுக் கூட்டத்தில் இது வழிபாடு ஆகுமா என்று கேட்டார். அனந்தராமனிடம் நிபுணர் கருத்துக் கோரினார்கள். அவர் பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த பிறகு மேசை ஏகமனதாக முடிவு செய்தது: இது வழிபாடு அன்று, மௌன இடைவேளை. பகுதிநேரத் தரப்பு ஓம் என்றதும் எல்லோரும் ஒரு நிமிடம் கண்மூடி இருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் பேசக்கூடாது, எழுதக்கூடாது, முடிவு எடுக்கவும் கூடாது. குறிப்பேட்டில் ஏற்றி எல்லோரும் கையெழுத்தும் வைத்தார்கள். எட்டு வெள்ளியில் மேசை ஒழுங்காக எழுதி முடித்த விதி அது ஒன்றுதான்.

மரியதாசனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மதியச் சாப்பாட்டின்போது அனந்தராமனைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், ஓம் எண்டால் எங்கட பாசையிலை ஆமாம் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. நீங்கள் ஏன் அதைச் சொல்லேல்லை? நான் வேதக்காரன், கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல்லை பத்திநாதர் அண்ணை மறிச்சு நிண்டு, 'தம்பி, நீ வேதம் மாறிட்டியாம்' எண்டு கேக்கிறார்."

அனந்தராமன் தயிர்சாதத்தை மூடி வைத்தார். உண்மையில் வருத்தப்பட்டார். "தெரியும் சார். நான் சொல்லிருப்பேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஓம்னா ஆமாம்னு இன்னிக்குச் சொன்னா, அன்னிக்கு ஏழாவது கேள்விக்கு நீங்க ஆமாம்னு பதில் சொன்னதா ஆயிடும். சொந்த நலன். சீட் போயிடும்."

"போனால் என்ன, நீங்கள் கதிரையிலை இருந்து மறுப்பீங்கள்தானே?"

"நான் மாற்று. வாய் திறக்கக் கூடாது. பேசாம இருந்தா சம்மதம்னுதான் இங்க கணக்கு."

மரியதாசன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கூட்டத்துக்கு வரும்போது ஒரு பை இருமல் மிட்டாய் வாங்கி வருவார். வாயில் மிட்டாய் இருந்தால் ஓம் வராது என்று ஒரு நம்பிக்கை.

கடைசி வெள்ளிக்கு முதல்நாள் செலீன் பிரெஞ்சில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தாள். 'இந்த விதி வந்தால் வேலை செய்துகொண்டு படிக்கிற ஒருவர்கூட ஒருநாளும் பட்டம் பெற முடியாது. ஆகவே மறுக்கிறேன்.' அவர் சமையலறையில் நடந்து நடந்து பாடமாக்கினார்.

"வடிவாய் இருக்கு," என்றாள் ஜெயனி. அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக விளங்காது, ஆனால் கணவரின் குரல் விளங்கும். "இஞ்சேருங்கோ, அந்தக் கதிரை கிடைக்காட்டியும் பரவாயில்லை. ஒருக்கா அவையின்ரை முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டு வாங்கோ."

"நீர் பரவாயில்லை எண்டுறீர்," என்றார் மரியதாசன். "என்ரை நாரி சொல்லுதில்லை."

கடைசி வெள்ளி. காலையிலேயே மதாம் பெல்ரோஸ் எச்சரித்தார்: "இன்று மாலை நான்கு மணியோடு எங்கள் ஆணை முடிகிறது. அதற்குள் இணக்கம் பதிவாகாத எதுவும் செல்லாது. நான்கு மணிக்கு மேல் இந்த மேசை சட்டப்படி வெறும் பலகை." இதை அவர் பத்து மணிக்கும் சொன்னார், பன்னிரண்டு மணிக்கும் சொன்னார், கோப்பி குடிக்கும்போதும் சொன்னார். முன்வரைவு முழுவதையும் ஒன்றாக நிறைவேற்ற வேண்டும் என்பதால் பதினாலாம் பிரிவு முடிந்தால்தான் மற்றவையும் பிழைக்கும். பதின்மூன்றாம் பிரிவு கலாசாலைக் கதவுகளின் நிறத்தைப் பற்றியது. அது மூன்றரை வரைக்கும் இழுத்தது.

மதிய இடைவேளையில் அனந்தராமன் மரியதாசனை ஓரமாக அழைத்துப்போய்ப் புதிதாக ஒரு இடியை இறக்கியிருந்தார். யாராவது மறுத்தால், மறுப்பு சொந்த நலனிலிருந்து வந்ததா என்று அங்கேயே ஏழாம் கேள்வியைத் திரும்பக் கேட்பார்களாம். ஆம் என்றால் மறுப்பு செல்லாது, ஆளும் வெளியே. இல்லை என்றால் மறுக்கக் காரணம் இல்லை, மறுப்பு செல்லாது.

"அப்ப ஆர்தான் மறுக்கலாம்?"

"யாரும் மறுக்கலாம் சார். அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது. செல்லாது, அவ்வளவுதான்."

மூன்று ஐம்பத்தாறுக்கு மதாம் பெல்ரோஸ் பதினாலாம் பிரிவை வாசித்தார். ஒரு வரிதானே, கெதியாக முடிந்தது. "இந்த விதி யாரையும் வெளியேற்றுவதற்கு அல்ல," என்றார் கனிவாக. "எல்லோரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்ற சமத்துவ உணர்வில் பிறந்தது. யார் யாரால் ஓட முடியாது என்பதை நாங்கள் ஆராயவில்லை. ஆராய்ந்தால் பாரபட்சம் ஆகிவிடும்." தலைகள் ஆடின. "ஆகவே, பகுதிநேரத் தரப்பைத் தனியாகக் கேட்கிறேன். உங்களுக்கு மறுப்பு உண்டா?"

இருபத்திரண்டு முகங்கள் அவரைப் பார்த்தன. மரியதாசன் இருமல் மிட்டாயை விழுங்கினார். செலீன் எழுதிக் கொடுத்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் ஏழாம் கேள்வி. சொல்லாவிட்டால் சம்மதம். ஒன்பது வருடம் அந்த இடத்தில் முட்டுப்பட்டு நின்றது. மறுப்பு உண்டா என்கிறார். உண்டு. இருக்கிறது. பின்னே இல்லையா?

"ஓம்," என்றார்.

மதாம் பெல்ரோஸ் பேனையைக் கீழே வைத்தார். கண்கள் மூடின. வரிசையாக எல்லாக் கண்களும் மூடின. மரியதாசன் மட்டும் திறந்த கண்ணோடு இருந்தார். ஐயோ, தருணத்தைப் போட்டு உடைத்துவிட்டேனே என்றுதான் முதலில் நினைத்தார். நிமிடம் முடிந்ததும் அந்த வரியைச் சொல்லிவிட வேண்டும் என்று சுவரைப் பார்த்தார். சுவரில் மணிக்கூடு இருந்தது. மூன்று ஐம்பத்தேழு தாண்டி முள் நகர்ந்துகொண்டிருந்தது.

நாலு மணிக்கு மேல் வெறும் பலகை.

மதாம் பெல்ரோஸ் கண்ணைத் திறந்தார். "நன்றி. மிக அழகாக இருந்தது. ஆகவே, மறுப்பு..."

"ஓம்," என்றார் மரியதாசன். இது நாரியிலிருந்து வந்த ஓம் இல்லை. பழக்கதோஷமும் இல்லை. நிதானமாக, அளந்து சொன்ன ஓம்.

கண்கள் மூடின. எதிர்கால மாணவர்களின் பிரதிநிதி இலேசாகக் குறட்டை விடத் தொடங்கினார். சுவரோரம் மாற்றுப் பிரதிநிதிகளின் வாங்கில் அனந்தராமன் ஒற்றைக் கண்ணைத் திறந்து மரியதாசனைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். வெள்ளை மீசைக்குள் ஏதோ அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று ஐம்பத்தொன்பது. "இணக்கம் எட்டப்பட்டதாக நான்..." என்று மதாம் பெல்ரோஸ் அவசரமாகத் தொடங்கினார்.

"ஓ...ம்."

இந்த முறை தரிப்பிடத் தரப்பு எதையோ சொல்ல வாயெடுத்தது. நடுநிலைமை ஆலோசகர் உதட்டில் விரல் வைத்து அடக்கினார். கையெழுத்து வைத்த விதி அல்லவா. மரியதாசன் இப்போது தானும் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நாரி நோகாமல் ஒரு நிமிடம் இருந்தார்.

கண்ணைத் திறந்தபோது மணி நாலு தாண்டியிருந்தது. மதாம் பெல்ரோஸ் மணிக்கூட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, பெருந்தன்மையோடு தன் கடைசி உரையை ஆற்றினார். "இவ்வளவு ஆழமான ஒற்றுமையை எந்த மேசையும் கண்டிருக்காது. மூன்று நிமிடம் இங்கே ஒருவருக்கொருவர் முரண்படவே இல்லை. எதில் ஒற்றுமைப்பட்டோம் என்று பதிவு செய்யத்தான் நேரம் போதவில்லை. முன்வரைவு காலாவதியாகிறது."

காலாவதி என்ற சொல்லை அவர் சொன்னபோது மரியதாசன் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்துவிடுவோமோ என்று பயம்.

புதிய மேசை போட வேண்டும் என்றால் புதிய பிரதிநிதிகள் வேண்டும். பிரதிநிதிகளைத் தேர்வதற்கு ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவில் எந்தெந்தத் தரப்பு இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு முன்குழு வேண்டும். முன்குழுவுக்கு அனந்தராமன் மாற்று உறுப்பினரானார். அவர்கள் தங்கள் முதல் கூட்டத்துக்குத் திகதி குறிப்பதற்குள் மரியதாசன் மிச்ச இரண்டு பாடத்தையும் முடித்துவிட்டார். ஒன்றில் மட்டும் மட்டுமட்டான புள்ளியில்தான் சித்தி. பட்டமளிப்பு அன்று ஜெயனி அழுதாள், அழவில்லை என்று சாதித்தாள். இப்போது அவர் கண்ணாடி அறையில் முதுகு சாய்கிற கதிரையில் இருக்கிறார். கீழே பெட்டி இறக்குகிறவர்களில் யாராவது குனிந்தபடி நாரியைப் பிடித்தால், இறங்கிப் போய்ப் 'படிக்கிறியா?' என்று கேட்பார்.

அந்தக் கேள்வியை அவர் வீட்டிலும் கேட்டிருக்க வேண்டும். குழந்தைகளைப் பார்க்கிற கார்டெரி ஒன்றில் உதவியாளராக இருந்த ஜெயனி, அந்த வேலைக்குரிய படிப்பை மாலை வகுப்பில் தொடங்கினாள். இரண்டு பாடம் முடிந்தது. இருபத்தெட்டு மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் புதிய முன்வரைவு வந்தது. மேலிடம் நன்றாக உழைத்திருந்தது: பதினாலாம் பிரிவு இப்போது பதினைந்தாம் பிரிவு. பகுதிநேர மாணவர் கதிரை காலியாக இருக்கிறதாம். அழைப்பிதழோடு படிவமும் இருந்தது. முப்பத்துமூன்று மொழிகள்.

ஜெயனி சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். செலீன் பக்கத்தில் நின்று பிரெஞ்சுப் பிரதியை வாசித்தாள். ஏழாம் கேள்விக்கு வந்ததும் அவள் குரல் நின்றுவிட்டது.

"என்ன பிள்ளை?" என்றாள் ஜெயனி.

"முன்னம் ரெண்டு கட்டம்தானே அம்மா இருந்தது. இப்ப மூண்டு." செலீன் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். "வுய். நோன். ஓம்."

மரியதாசன் எட்டிப் பார்த்தார். அச்சில், வடிவாக, கட்டத்தோடு இருந்தது. அவர் எதையும் சொல்வதற்கு முன் ஜெயனி பேனையை எடுத்து மூன்றாவது கட்டத்தில் அழுத்தி அடையாளம் போட்டுவிட்டாள்.

"உவை கேக்கேக்கை, உங்களைப் போலை இழுத்துச் சொல்ல வேணுமோ?" என்றாள்.

"ஓம்," என்றார் மரியதாசன்.

செலீன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள்.